தாளிப்பு நின்ற குளிர்காலம்

உங்களில் பலருடைய வீடுகளில் இப்போது விறகு அடுப்பு வந்துவிட்டது. எங்கள் பள்ளித்தோழர் குழுவுக்கு நீங்கள் அனுப்புகிற படங்களை எல்லாம் நானும் பார்க்கிறேன்தானே. கறுத்த இரும்பு உடம்பு, கண்ணாடிக் கதவு, உள்ளே செம்மஞ்சள் தீ, பக்கத்தில் ஒரே அளவாகப் பிளந்து அடுக்கிய விறகு, முன்னால் கம்பளத்தில் சுருண்டு படுத்திருக்கும் நாய். ஐம்பதைத் தாண்டி, பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போனபிறகு, மிஞ்சிக் கிடக்கிற மாலைப் பொழுதுகளில் எங்கள் ஆட்கள் நெருப்புப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

போன மார்கழியில் வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளித்தோழியின் பிறந்தநாள். அவள் வீட்டிலும் ஒன்று பொருத்திப் பூட்டியிருந்தாள். எல்லாரும் அதைச் சுற்றி நின்று கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தார்கள். நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்தில் போய் நின்றேன். "என்னடி, நீ புகை கூடாது எண்டுற பெரிய சுற்றாடல்காரியா மாறிட்டியோ?" என்று யன்னலுக்குள்ளால் கேட்டுச் சிரித்தார்கள்.

அப்படி ஒன்றும் இல்லை. அந்த அடுப்புக்குப் பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை. கேக் வெட்டுகிற வீட்டில் சொல்லக்கூடிய கதை இல்லை என்பதால் அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் லண்டனுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம் அது. எனக்குப் பத்து வயது. தம்பிக்கு நாலு. மனோர் பார்க்கில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றை அப்பா வாடகைக்கு எடுத்திருந்தார். எங்களோடு பெரியப்பாவும் இருந்தார், அப்பாவின் அண்ணன். ஊரில் அவர் ஓவசியராக இருந்தவர். தெருப் போடுகிறவர்களையும் மதகு கட்டுகிறவர்களையும் நிற்கவைத்து வேலை வாங்கிப் பழகியவர். லண்டனில் பெற்றோல் நிலையத்தில் கல்லாவுக்குப் பின்னால் நின்றார். ஆனால் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மறுபடி ஓவசியராகிவிடுவார். அவர் ஒன்றைச் சொன்னால் அப்பா மறுத்துப் பேசி நான் கண்டதில்லை.

அந்த வீட்டில் சூடாக்கி சரியாக வேலை செய்வதில்லை. முதல் குளிர்காலம் முழுக்கக் கோட்டோடு படுத்தோம். அதனால் பெரியப்பா எங்கோ பழைய இரும்புக் கடையில் ஓர் அடுப்பைக் கண்டுபிடித்து, இரண்டு பேரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது, எங்களுக்குத் திருவிழா வந்தது போலத்தான் இருந்தது. கண்ணாடி வெடித்திருந்தது. அதற்குத் தகரத் துண்டு ஒன்றை வைத்து ஆணி முறுக்கினார். முன்னறையில் முன்பு கரி எரித்த கணப்பு வாய்க்குள் அதை வைத்து, குழாயைப் புகைபோக்கிக்குள் சொருகி, இடைவெளிகளில் பழைய துணியை அடைத்து, மேலே சீமெந்து பூசினார். ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

"மதகு கட்டின எனக்கு இது ஒரு வேலையே?" என்றார்.

அந்த இலையுதிர்காலத்தில் அடித்த பெருங்காற்றில் வான்ஸ்டட் வெளிப்பக்கம் மரங்கள் பல விழுந்து கிடந்தன. அவற்றின் கிளைகளைப் பெரியப்பாவும் அப்பாவும் தறித்துக்கொண்டு வந்தார்கள். பச்சை மரம். வெட்டிய முகத்தில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டும். அதை அன்றைக்கே எரித்தார்கள். அது தீர்ந்தபிறகு, வீடு இடிக்கிற இடங்களில் எறிந்த யன்னல் சட்டங்கள், பச்சைப் பெயின்ற் அடித்த கதவுகள், ஒட்டுப்பலகை அலுமாரிகள். கடைசியாக, எங்கிருந்தோ அறுத்து எடுத்த, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ரயில் சிலீப்பர் கட்டைகள். தார் ஊறிப்போய், வெயில் இல்லாத நாளிலும் வியர்த்துக்கொண்டிருக்கும் கட்டைகள் அவை. அவற்றைத் தூக்கிய கையைக் கழுவினாலும் மணம் போகாது. அந்தக் கையால் பெரியப்பா சோறு குழைத்துத் தம்பிக்குத் தீத்துவார்.

அதைவிட மோசம் அவர் அடுப்பை எரித்த விதம். தீ பிடித்ததும் காற்றுப் போகிற துவாரத்தை இறுக்கி மூடிவிடுவார். "அடுப்பை நித்திரையாக்கிறது" என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். சுவாலை போட்டு எரிந்தால் விறகு வீண், உள்ளே புகைந்துகொண்டே கிடந்தால் நாள் முழுக்க நிற்கும் என்பது அவர் கணக்கு. வாறவர்களுக்கெல்லாம் அதை விளக்குவார். அவர்களும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு, குடும்பத்தில் ஒருவருக்கு வந்த நோயைப் பற்றி ஆட்கள் தேடித் தேடி வாசிப்பது போல, நான் விறகு அடுப்பைப் பற்றி வாசித்தேன். ஈர விறகில் எரிகிற நெருப்பு முதலில் அந்த ஈரத்தைக் கொதிக்கவைத்து முடிக்க வேண்டும். பாதிச் சூடு அதிலேயே போய்விடும். புகை என்பது எரியாமல் தப்பிப் போகிற விறகு. காற்றை அடைத்தால் அது போகிற வழியில் குளிர்ந்து, குழாய்ச் சுவரில் தாராகப் படிந்து இறுகும். மழை படாமல், காற்றுப் படும்படி விறகு இரண்டு கோடையாவது கிடக்க வேண்டும். கட்டைகளைக் கீழே வைத்து, சுள்ளிகளை மேலே வைத்து, மேலேயிருந்து கொளுத்த வேண்டும். சின்னத் தீயாக இருந்தாலும் வெளிச்சமாக எரிய வேண்டும். கண்ணாடி கறுத்தால் எரிக்கிறவர் பிழை விடுகிறார் என்று அர்த்தம். வருசத்துக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைத் துடைப்பிக்க வேண்டும். பெயின்ற் அடித்த பலகையைத் தொடவே கூடாது. பெரியப்பா செய்த ஒவ்வொன்றும் இதற்கு நேர் எதிர். எங்கள் சூட்டை வானத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் கழிவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நாங்கள் குளிர் காய்ந்தோம்.

தோழி வீட்டில் அன்றைக்கு உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், அடுப்பின் காற்றுப் பிடியைத் தள்ளி மூடிவிட்டு, "இப்பிடி விட்டால் விடியுமட்டும் நிக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். அப்போதுதான் நான் கோட்டைத் தேடினேன்.

சரி, அந்த வீட்டுக்கு வருகிறேன்.

குழாய் மூட்டிலிருந்து ஒரு திரவம் கசியத் தொடங்கியது. கறுப்பும் மண்ணிறமும் கலந்து, கெட்டியாக, நூல் இழுத்து இறங்கும். அதற்குக் கீழே பெரியப்பா ஒரு ஐஸ்கிறீம் டப்பாவை வைத்தார். நிறைந்ததும் பின்முற்றத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை. புகைத்த மீனையும் ஆஸ்பத்திரிக் கக்கூசையும் சேர்த்து அரைத்தால் வருகிற மணம். ஊற்றிய இடத்தில் புல் செத்தது. ஒருநாள் தம்பி அதைச் சர்க்கரைப் பாணி என்று நினைத்து விரலை விட்டு நக்கிவிட்டான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வாயைக் கழுவக் கழுவ, அவன் ஓங்காளித்து அழுதான். பெரியப்பா கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார். "மரத்தின்ரை சத்துத்தானே. ஒண்டும் செய்யாது."

சூடு வெளியே போகக்கூடாது என்று யன்னல் இடுக்குகளுக்கெல்லாம் பத்திரிகைத் தாளை மடித்துச் சொருகி செலோரேப் நாடா ஒட்டினார். சுவரின் அடியில் காற்று வர வைத்திருந்த கம்பித் துவாரத்துக்கும் ஒரு கடதாசி மட்டையை வைத்து ஆணி அடித்தார். முன்னறை இருண்டு, கொதித்து, நாறிக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அங்கேயே சரிந்துவிடுவோம். தலை பாரமாக, கை கால் வெட்டிப் போட்டது போல, கூப்பிட்டாலும் எழும்ப மனமில்லாத ஒரு நித்திரை. "சூடு எண்டால் இதுதான் சூடு" என்பார் அப்பா. அதைச் சுகம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே ஒரு வயதுபோன ஆங்கிலேய மனுசி தனியாக இருந்தார். மெல்லிய உருவம், ஒரு பக்கம் சாய்ந்த நடை, கையில் எப்போதும் ஒரு தடி. மார்கழியில் அவர் சுவரில் தட்டத் தொடங்கினார். தடியால், மூன்று நாலு தட்டு. நாங்கள் பேச்சை நிறுத்துவோம். ரிவிச் சத்தத்தைக் குறைப்போம். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டு வரும்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை அவரே வந்து கதவைத் தட்டினார். கைலேஞ்சியை மூக்கில் பிடித்திருந்தார். பெரியவர்களுக்கு இங்கிலீஷ் ஓரளவு விளங்கும், ஆனால் வாசலில் வெள்ளைக்காரர் வந்து நின்றால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னார். தன் படுக்கையறைக்குள் புகை வருகிறது. காலையில் எழும்பும்போது தலை வெடிக்கிறது. தயவுசெய்து ஏதாவது செய்யச் சொல்.

நான் திரும்பிச் சொன்னேன். "தன்ரை அறைக்குள்ளை புகை வருதாம். விடிய எழும்பேக்கை தலையிடிக்குதாம்."

முன்னறையில் அடுப்பு நித்திரையாகக் கிடந்தது. குசினியில் அம்மா வெங்காயமும் கடுகும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா குசினிப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"தாளிக்கிற புகையைச் சொல்லுறாள். வெள்ளையளுக்கு எங்கட கறி மணம் எண்டாலே தலையிடிதான்."

"இல்லைப் பெரியப்பா, அவ புகை எண்டுதான்…"

"அதுதான் பிள்ளை, தாளிச்சாலும் புகைதானே வாறது? நீ உள்ளை போ."

அப்பா அந்த மனுசியைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டி, "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். மனுசி நன்றி சொல்லிவிட்டுப் போனார். தன் சொல் போய்ச் சேர்ந்தது என்று நம்பியிருப்பார்.

அப்பா குசினி வாசலில் வந்து நின்றார். "இஞ்சாரும், கொஞ்ச நாளைக்குத் தாளிக்கிறதை விடும். அவள் போய் லண்ட்லோட்டுக்குச் சொன்னால் எங்களை வீட்டாலை எழுப்பிப் போடுவான். எங்கட அகதிக் கேஸ் முடியுமட்டும் ஒருத்தரோடையும் பிரச்சினை வேண்டாம்."

அம்மா சமையல் அடுப்பை அணைத்தார். சட்டியில் கடுகு இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு மூடியைப் போட்டு அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றோடு எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது. மீன் பொரியல் நின்றது. கருவாடு என்ற சொல்லே நின்றது. அம்மா தானே மல்லியும் மிளகாயும் வறுத்துத் திரித்த தூளை இறுக்கக் கட்டி மேல் தட்டில் ஏற்றிவிட்டார். அவித்த பருப்பு, அவித்த உருளைக்கிழங்கு, அவித்த கோழி. தண்ணீரில் மிதக்கிற வெளிறிய தோல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். "உப்புச் சப்பில்லை" என்று முணுமுணுத்தபடி கோப்பையைத் தள்ளி வைக்கிற பெரியப்பா, எழும்பிப் போய் அடுப்புக்குள் இன்னொரு தார்க் கட்டையைத் தள்ளுவார்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் கதிரையை நகர்த்தினாள். பிறகு மற்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். ஒருநாள் ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, அன்பாகத்தான், வீட்டில் சமைக்கும்போது உடுப்புகளை வேறு அறையில் வைக்கும்படி அம்மாவிடம் சொல்லச் சொன்னார். கறி மணம் துணியில் ஏறிவிடுமாம். தாளித்து எத்தனையோ கிழமை ஆகியிருந்தது. என் சுவெற்றரில் இருந்தது ரயில் தண்டவாளத்துத் தார். ஆனால் ஆசிரியைக்கும் கறி மணந்தது. பழுப்பு நிறப் பிள்ளையைப் பார்த்தால் மூக்கு தன் பாட்டுக்கு ஒன்றை முடிவு செய்துவிடுகிறது.

நான் அதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் வேறு வழியில்லை, அடுத்த நாளும் அதே உடுப்புத்தானே. அதற்குப் பிறகு பஸ் தரிப்பில் நிற்கும்போது அம்மா தன் கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பதைக் கண்டேன். பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தால் யன்னல் பக்கம் ஒதுங்குவார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். இரண்டு தரம் குளித்தார், தலையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஈரத் தலையோடு வந்து முன்னறையில், அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து காயவைத்தார்.

தம்பிக்கு இருமல் விட்டபாடில்லை. அம்மாவுக்கும் ஓயாத தலையிடி, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தார். அப்பா எங்களை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் தமிழ்நாட்டுக்காரர், தமிழில் பேசலாம் என்று தூர இடங்களிலிருந்தும் எங்கள் ஆட்கள் அவரிடம் வருவார்கள். தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர், ஒருத்தரும் இல்லை" என்றார் அப்பா. அது முழு உண்மை.

"அப்போ சமையல் புகையாத்தான் இருக்கும். நம்ம வீடுகள்ல எல்லாம் இதான் பிரச்சினை. சமைக்கும்போது கிச்சன் ஜன்னலத் திறந்து வச்சுக்குங்கம்மா."

"நான் இப்ப தாளிக்கிறேல்லை டொக்டர்" என்றார் அம்மா.

"பரவாயில்ல, திறந்தே வையுங்க."

அம்மா திறந்தே வைத்தார். தை மாதக் குளிரில், குசினி யன்னலை அகலத் திறந்துவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு அவித்தார். நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் யன்னல் இடுக்கெல்லாம் ஒட்டிய அறைக்குள் என் தம்பி இருமிக்கொண்டிருந்தான்.

மாசி மாதம் சுவரில் தட்டுவது நின்றது.

"பாத்தியளே? தாளிப்பு நிண்டது, தட்டுறதும் நிண்டுட்டுது" என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு முகம் தெளிந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தான் நாறியது உண்மை என்று அன்றைக்கு அவருக்கு நிரூபணமாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு முந்திய நேரம். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு மனுசி ஒவ்வொரு காலையும் பின்கதவைத் திறந்து மேசைத் துணியை உதறுவார். பாண் துகளுக்குக் குருவிகள் வரும். அன்றைக்கு வேலியில் குருவிகள் வரிசையாக இருந்தன. கதவு திறக்கவில்லை.

"நேற்றும் திறக்கேல்லை" என்றார் அம்மா. முன்னறைக் கதவைத் திறந்து அப்பாவிடம் சொன்னார்.

பெரியப்பாதான் பதில் சொன்னார். "மகள் வீட்டை போயிருப்பாள். உமக்கேன் அவளின்ரை கதை? போய்க் கதவைத் தட்டி, கறி மணம் எண்டு இன்னொருக்காச் சொல்லி வாங்கப் போறீரோ?"

அப்பா அரைக் கண்ணோடு கதிரையில் கிடந்தார். தம்பி அடுப்புக்கு முன்னால் கம்பளத்தில் நித்திரை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மணியை அடித்தோம். தட்டினோம். பதில் இல்லை. அம்மா வாசலில் முழந்தாளிட்டு, கடிதம் போடுகிற துவாரத்தின் மூடியைத் தள்ளி உள்ளே பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு மூக்கை வைத்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

"இஞ்சை வா. மணந்து பார்."

நான் குனிந்து மணந்தேன். துவாரத்தால் மெல்லிய சூட்டோடு வந்து முகத்தில் பட்டது.

"என்ன மணம்?"

"எங்கட முன்னறை மணம், அம்மா."

"தாளிச்ச மணம் இருக்கோ?"

"இல்லை."

"இது அடுப்பு" என்றார் அம்மா. "ஐயோ, இது அடுப்பெல்லே. ஓடு. போனை எடு. தீயணைக்கிறவைக்கும் அம்புலன்ஸுக்கும் சொல்லு. கெதியா!"

நான் ஓடிப்போய் நடையில் இருந்த தொலைபேசியில் பேசினேன். அம்மா முன்னறைக்குள் போய் யன்னலில் ஒட்டியிருந்த செலோரேப்பையும் தாளையும் நகத்தால் கிழித்தார். பெரியப்பா கத்தினார். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. தம்பியைத் தூக்கினார். அவன் தலை பின்னால் தொங்கியது. எழுப்பினால் எழும்பவில்லை. அப்பா அப்போதுதான் கதிரையிலிருந்து எழும்பினார். எழும்பியவர் கால் மடங்கி விழுந்தார்.

தீயணைப்பு வண்டி வந்தபோது நாங்கள் நடைபாதையில் நின்றோம். அம்மா தம்பியின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவன் முகத்தில் ஒட்சிசன் மூடியை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் கக்கிச் சத்தி எடுத்தான், பிறகு அழுதான். ஒரு பிள்ளை சத்தி எடுப்பதைப் பார்த்து அம்மா கைகூப்பியதை அன்றைக்குத்தான் கண்டேன். பக்கத்து வீட்டுக் கதவை உடைத்து மனுசியைத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. கன்னங்கள் இரண்டும் ரோசா நிறத்தில், நல்ல சுகமான ஆள் போல இருந்தார். அது நஞ்சின் நிறம் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் அடுப்பிலிருந்த தணலை வாளியில் அள்ளி வெளியே கொட்டி, குழாயைக் கழற்றினார்கள். உள்ளே என் கை போவதற்கும் வழியில்லை. தார் மினுங்கிக்கொண்டு, குமிழ் குமிழாக, தொண்டைக்குள் வளர்ந்த கட்டி மாதிரி அடைத்திருந்தது. மேலே போக வழியில்லாத புகை பழைய செங்கல் வெடிப்புகளுக்குள்ளால் மனுசியின் படுக்கையறைக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. காபன் மொனொக்சைட் என்கிற மணமே இல்லாத நஞ்சும் அதோடு போயிருக்கிறது. தடியைத் தூக்கித் தட்டவும் தெம்பில்லாமல் போனதால்தான் சுவர்த் தட்டல் நின்றிருக்கிறது. மூத்த தீயணைப்பாளர் என்னிடம் சொன்னார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல், இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் உன் தம்பியை எழுப்பியிருக்க முடியாது.

நான் தமிழில் சொன்னேன். அப்பா நடைபாதையில் குந்தி முகத்தை மூடிக்கொண்டார். பெரியப்பா சொன்னார், "நூறு வருசத்துச் சுவர். சுவர் பிழை."

மனுசி பிழைத்தார். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. பங்குனியில் அவருடைய மகள் வந்து சாமான்களைப் பெட்டிகளில் கட்டத் தொடங்கினார். அம்மா அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். ஏதாவது பலகாரம் செய்து கொண்டுபோவோமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார். தன் கையால் செய்த எதையும் அந்த வாசலுக்குள் கொண்டுபோக அவருக்குத் துணிவு வரவில்லை. வெறுங்கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மகள் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே கேட்டார், "அம்மா உங்களிடம் வந்து சொன்னாரே. புகை வருகிறது என்று சொன்னாரே. ஏன் ஒன்றும் செய்யவில்லை?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு அது விளங்கிவிட்டது.

"உள்ளதைச் சொல்லு" என்றார். "எங்கட சமையல் மணத்தைத்தான் சொல்லுறா எண்டு நினைச்சனாங்கள், அதாலை சமையலைக் குறைச்சனாங்கள் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். மகள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "உங்கள் சமையலைப் பற்றி என் அம்மா ஒரு நாளும் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை."

நான் அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று அம்மா கையைக் காட்டினார்.

பெரியப்பா சித்திரையில் தோர்ண்டன் ஹீத்துக்குப் போய்விட்டார். போன இடமெல்லாம், வெள்ளைக்காரி ஒருத்தியின் பேச்சைக் கேட்டுத் தம்பி பெண்சாதி தன்னைத் துரத்திவிட்டாள் என்று சொன்னார். அப்பா அம்மாவோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணனை இழந்தது அவருக்குப் பெரிதாக இருந்தது. தம்பிக்கு இன்றைக்கும் பனிக்காலம் வந்தால் மூச்சு இழுக்கும். பெரியப்பா சாகும்வரை அந்த அடுப்பைக் குறை சொன்னதில்லை. செத்த வீட்டில் ஒருவர், அந்தக் காலத்தில் தம்பி குடும்பத்தைக் குளிரில் விடாமல் காப்பாற்றிய மனுசன் என்று பேசினார். கூட்டம் தலையாட்டியது. நான் எழும்பி வெளியே போய் நின்றேன்.

ஆனால், அந்த வாசலிலிருந்து நாங்கள் திரும்பி வந்த மாலையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியப்பா பின்முற்றத்தில், கழற்றிப் போட்ட அடுப்பைக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அடுத்த குளிருக்கு வேறு சுவரில் பூட்டலாம் என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா நேரே அவர்கள் முன்னால் போய் நின்றார். கோட்டையும் கழற்றவில்லை.

"அண்ணை, அந்த மனுசி சொன்னதை என்ரை பிள்ளை சரியாத்தான் சொன்னவள். புகை எண்டு சொன்னவள். நீங்கள்தான் குசினியைக் காட்டினீங்கள்."

பெரியப்பா கம்பியைக் கீழே வைத்தார். "நான் மட்டுமே? டீச்சர் சொன்னவ, டொக்டர் சொன்னவர். எல்லாரும் அப்பிடித்தானே நினைச்சது. ஏன், நீரும் நினைச்சனீர்தானே?"

அப்பா, "விடும், உள்ளை போம்" என்றார். அம்மா போகவில்லை. அந்த அடுப்பையும், அதிலிருந்து முற்றத்தில் வழிந்து கிடந்த கறுப்பையும் பார்த்துக்கொண்டு நின்றார். துப்பப் போகிறவர் மாதிரி அவர் வாய் கோணியது. துப்பவில்லை.

"ஓம்" என்றார். "நானும் நினைச்சன். உங்கட அடுப்பு நாற, நான் என்ரை உடம்பை மணந்து மணந்து பாத்தன். அதுதான் அண்ணை எனக்கு அருவருப்பாய்க் கிடக்கு."